இயந்திரத்துக்குப் 'பூவா தலையா' கற்றுத் தந்தவர்

மைக்ரோபிராசசர் லேபில் 8085 கிட்டைத் தட்டும்போதெல்லாம் எனக்கு ஆலன் டூரிங் ஞாபகம்தான் வரும்.

1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தவர். தந்தை சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. தாயார் பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம போத்தனூர்!

1936-ல் கேம்பிரிட்ஜில் இருந்தபோதே, கட்டளைப்படி கணக்குப் போடும் இயந்திரத்தைத் தாளிலேயே வடிவமைத்துக் காட்டினார். 1939 முதல் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதங்களை உடைக்கும் வேலை. எவ்வளவு சிக்கலான சங்கேதமானாலும், உள்ளே ஓர் ஒழுங்கு தென்பட்டால் போதும், பிடித்துவிடலாம் என்பதை அங்கே கண்கூடாகப் பார்த்தவர் அவர்.

1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். 1951-ல் அங்கு வந்த ஃபெராண்டி மார்க் 1 கணிப்பொறியில் ஓர் எண்ணுக்கு 40 பிட், ஒரு கட்டளைக்கு 20 பிட். நம்ம 8085-ல் 8 பிட்தானே! அந்தக் கணிப்பொறியில் டூரிங் யோசனைப்படி ஒரு விசேஷக் கட்டளை இருந்தது. மின்சுற்றின் இரைச்சலிலிருந்து 20 பிட்டுகளை எடுத்து அக்குமுலேட்டரில் போட்டுவிடும். அடுத்து என்ன எண் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபார்முலா போட்டால் இது நடக்காதுங்க. தொடக்கம் ஒன்றானால் விடையும் ஒன்றுதான். ஆனால் ஒரு தொல்லையும் உண்டு. அதே புரோகிராமை மறுபடி ஓட்டினால் வேறு விடை வரும், பிழை தேடுவது பெரும்பாடு!

2012-ல் இன்டெல் சிப்பிலும் இப்படியொரு கட்டளை வந்தது. 16, 32, 64 பிட் என்று கேட்டு வாங்கலாம். எண் கிடைத்ததா என்று கேரி ஃப்ளாக்கைப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் முறையிலோ, பிராசசர் 32 பிட்டானாலும் 64 பிட்டானாலும், ஒரு தடவைக்கு 16 பிட்தான் தரும். ஆக, வேர்டு அகலம் வேறு, அதில் வரும் ரேண்டம் பிட்டுகளின் அளவு வேறு.

இப்பேர்ப்பட்டவரை 1952-ல், ஓரினச் சேர்க்கை குற்றம் என்று நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சை. 1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. 2013-ல் அரச மன்னிப்பு வழங்கினார்கள், 2021-ல் 50 பவுண்டு நோட்டில் படம் போட்டார்கள். போன மனுஷன் வருவாரா?

நண்பர்களே, நம்ம கிளாசிலும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும் ஒருவன் இருப்பான். அவனைக் கேலி செய்யாமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வோம்.