ஒரு வழிகாட்டி நூல் வளர்த்த மேதை

தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால் புத்தகக் கடைகளில் வழிகாட்டி நூல்களைக் கேட்டு வருவோர் கூட்டம் பெருகும். அந்நூல்கள் மாணவனின் சிந்தனையை முடக்கிவிடுகின்றன என்று ஒரு சாரார் வருந்துவர். அவை இல்லாவிட்டால் பிள்ளைகள் தேறுவது எங்ஙனம் என்று மற்றொரு சாரார் கேட்பர். நெடுநாளாகத் தீராத இந்த வழக்கில் சாட்சியாக அழைக்கத்தக்க ஒருவர் கும்பகோணத்தில் வளர்ந்தார். உலகக் கணித வரலாற்றில் அழியா இடம் பெற்ற சீனிவாச இராமானுஜனின் உயர்கணிதக் கல்வி, தேர்வெழுதுவோருக்காகத் தொகுக்கப்பட்ட ஒரு நூலிலிருந்துதான் தொடங்கியது.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார் இராமானுஜன். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுவார். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த அச்சிறிய வீட்டில், வருமானம் போதாமையால் கல்லூரி மாணவர்களையும் தங்க வைத்திருந்தனர். அதுவே சிறுவனுக்கு வாய்ப்பாயிற்று. அம்மாணவர்கள் அறிந்திருந்த கணிதத்தை விரைவில் கற்றுத் தீர்த்தான். லோனி எழுதிய முக்கோணவியல் நூலைக் கடனாகப் பெற்று, 13 வயதுக்குள் அதில் தேர்ச்சி அடைந்தான். நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகளும் பாராட்டுகளும் அவனைத் தேடி வந்தன.

1903-இல், 16 வயது நிறையும் முன்னர், நண்பர் ஒருவர் மூலமாக அரசுக் கல்லூரி நூலகத்தின் புத்தகம் ஒன்று அவன் கைக்கு வந்தது. ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்னும் ஆங்கிலேயர் எழுதிய கணித முடிவுகளின் சுருக்கத் தொகுப்பு அது. கார் பெரிய கணித அறிஞர் அல்லர். மாணவர்களைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். அந்நாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதப் பட்டத் தேர்வில் மாணவர்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுவார்கள். முன்வரிசையில் இடம்பெற விரும்பியோர் கட்டணம் செலுத்தித் தனிப்பயிற்சி பெறுவது அங்கு வழக்கமாக இருந்தது. அந்தச் சூழலில், தம் மாணவர்களுக்காகத் திரட்டிய குறிப்புகளையே கார் 1880-இலும் 1886-இலும் இரு பகுதிகளாக அச்சிட்டார். இயற்கணிதம், முக்கோணவியல், நுண்கணிதம், பகுமுறை வடிவியல் எனப் பல துறைகளிலிருந்து சுமார் 5,000 முடிவுகள் அதில் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருந்தன. நிறுவல்கள் இருந்தாலும் மிகச் சுருக்கமானவை. பல இடங்களில் முந்தைய முடிவு ஒன்றின் எண்ணைச் சுட்டுவதோடு சரி.

வேறொருவர் கையில் அது மனப்பாடத்துக்கான பட்டியலாகவே முடிந்திருக்கும். இராமானுஜனோ ஒவ்வொரு முடிவையும் தமக்கு விடப்பட்ட அறைகூவலாக எடுத்துக்கொண்டார். துணைக்கு வேறு நூல்கள் இல்லாமையால், ஒவ்வொன்றையும் நிறுவ வேண்டிய பொறுப்பு அவருடையதாயிற்று. அவருக்கு ஒவ்வொரு நிறுவலும் ஓர் ஆராய்ச்சி. ஒரு முடிவை எட்டுவதற்குள் அதன் அருகிலிருந்த வேறு முடிவுகளும் புலப்பட்டன. நூல் நின்ற இடத்தைக் கடந்து அவர் நடக்கத் தொடங்கினார்.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனம் செலுத்தவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. 1905-இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், எஃப்.ஏ. தேர்வில் 1906-இலும் 1907-இலும் தோல்வியே கிட்டியது. தேர்வுக்கென்று எழுதப்பட்ட ஒரு நூல், அதை உயிராகப் போற்றிய மாணவரைத் தேர்வுக்கு உதவாதவராக ஆக்கிவிட்டது.

அடுத்த சில ஆண்டுகள் வறுமையின் ஆண்டுகள். தாள் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். முடிவுகளை வரிசையாக அடுக்கி, நிறுவல்களை விட்டுவிடும் அக்குறிப்பேடுகளின் அமைப்பில் காருடைய நூலின் சாயலைக் காணலாம். 1909-இல் ஜானகி அம்மாளுடன் திருமணம் நடந்தபின் வேலை தேடுவது கட்டாயமாயிற்று. இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயரைத் திருக்கோவிலூரில் சென்று கண்டார். நெல்லூர் மாவட்ட ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்துச் சில காலம் ஆதரித்தார். 1911-இல் முதல் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி.எச். ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. இங்கே ஒரு முரண் உண்டு. தரவரிசைத் தேர்வும் அதைச் சூழ்ந்த தனிப்பயிற்சி முறையும் இங்கிலாந்தின் கணிதத்தைக் கெடுத்தன என்று கருதியவர் ஹார்டி. 1909-இல் அந்தத் தரவரிசை ஒழிக்கப்பட்டதற்கு முன்னின்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். அவர் வெறுத்த அதே முறையின் விளைபொருளான ஒரு நூலைப் படித்து எழுந்த மேதைதான் அவர் மேசைக்குக் கடிதமாக வந்து சேர்ந்தார்.

1914 ஏப்ரலில் இங்கிலாந்து சென்றடைந்த இராமானுஜனுக்கு எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்பது ஹார்டிக்குப் பெரும் சிக்கலாயிற்று. தொடர்பின்னங்களிலும் முடிவிலாத் தொடர்களிலும் இணையற்றவராக இருந்தவருக்கு, அக்கால மாணவர்கள் பாடமாகப் படித்த சிக்கலெண் சார்புகளின் கோட்பாடு தெரிந்திருக்கவில்லை. காருடைய நூலில் அது இல்லை. கடுமையான நிறுவல் எத்தகையது என்பதையும் அந்நூல் கற்றுத்தரவில்லை. பகா எண்கள் பற்றி அவர் எழுதியவற்றில் சில பிழையானவை. வேறு சில, ஐரோப்பியர் முன்பே கண்டவை. அவருடைய தன்னம்பிக்கை குலையாமல் குறைகளை மட்டும் களைய ஹார்டியும் லிட்டில்வுட்டும் முயன்றனர். அடுத்த ஐந்து ஆண்டுகளில் அக்கூட்டுறவு சிறந்த ஆய்வுகளைத் தந்தது. எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தவறியவருக்கு, 1916-இல் ஆய்வின் அடிப்படையில் கேம்பிரிட்ஜ் பட்டம் வழங்கியது. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்வு பெற்றார். உடல்நலம் குன்றி 1919-இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் சென்னையில் மறைந்தார்.

இராமானுஜன் இளமையில் இறந்ததைவிட, இளமையின் முக்கியமான ஆண்டுகளில் தக்க வழிகாட்டல் இன்றி அவருடைய ஆற்றல் திசைமாறியதே பெரிய அவலம் என்று ஹார்டி பின்னாளில் கருதினார். இதற்கு நூலை மட்டும் குறை சொல்வது முறையன்று. நூல் தன்னால் இயன்றதைச் செய்தது. அதைக் கற்றவன் எதைக் கண்டான், எங்கே தவறினான் என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பத்தாண்டுகளாக அந்த ஒருவர் அவருக்கு வாய்க்கவில்லை. ஒரு பாடத்தில் மட்டும் உயர்ந்து நின்ற மாணவரை ஏற்க அன்றைய தேர்வு முறையில் இடமும் இல்லை.

காருடைய நூலுக்கும் இன்றைய வழிகாட்டி நூல்கள் பலவற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். அது முடிவைச் சொல்லிவிட்டு, அங்கே செல்லும் பாதையை மாணவனிடம் விட்டுவைத்தது. இன்றைய நூல்களோ ஐந்து மதிப்பெண்ணுக்கு எத்தனை வரி எழுதுவது என்பது வரை வகுத்துக் கொடுத்து, மாணவன் செய்வதற்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை. எல்லா மாணவரும் இராமானுஜன் ஆகப்போவதில்லை. விளக்கமும் தீர்வும் தேவைப்படுவோரே மிகுதி. எனினும், பத்துக் கணக்குகளுக்குத் தீர்வு தரும் நூல், இரண்டையேனும் விடையை மட்டும் கொடுத்து நிறுத்தலாம். அந்த இரண்டையும் முயன்று பார்த்த மாணவன் என்ன எழுதியிருக்கிறான் என்று பொறுமையாகப் படித்துப் பார்க்க வகுப்பில் ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். இராமானுஜனுக்கு முதலாவது கிடைத்தது. இரண்டாவதற்கு அவர் கடல் கடக்க வேண்டியிருந்தது.