தொட்டில் தலைவனும் தாய்க்குலத்தின் வழக்கறிஞரும்

தொட்டிலிலே கிடக்கிறது ஒரு குழந்தை. பல் முளைக்கவில்லை, பேச்சு வரவில்லை. பசித்தால் அழத் தெரியும். வயிறு நிறைந்தால் உறங்கத் தெரியும். அந்தக் குழந்தைதான் குடும்பத்தின் தலைவன்! பத்துத் திங்கள் சுமந்து பெற்ற தாய் அதற்குக் கீழே. அதன் தந்தையை ஈன்றெடுத்த பாட்டி, தலை நரைத்துத் தளர்ந்த நிலையிலும் அதற்குக் கீழே. இடுப்பிலே தூக்கிவைத்துக்கொண்டு சோறூட்டும் அக்காளும் அதற்குக் கீழே. காரணம்? அது ஆண்!

கதையல்ல இது, கற்பனையுமல்ல. தென் கொரியாவின் சட்டம். 1960 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்து, 2007 டிசம்பர் கடைசி நாள் வரையில் ஏட்டிலே உயிரோடிருந்த சட்டம். கப்பல் கட்டி உலகுக்கு விற்ற நாடு, எஃகு ஆலைகளால் ஏற்றம் பெற்ற நாடு, வீட்டு வாயிலுக்குள்ளே மட்டும் பெற்றவளைப் பிள்ளைக்குக் கீழே எழுதிவைத்திருந்தது!

அந்த ஏட்டை எதிர்த்து நாற்பதாண்டுகளுக்கு மேல் ஓயாது வாதாடினார் ஒரு மாது. லீ டே யோங் என்பது அவர் பெயர். கொரிய நாட்டின் முதல் பெண் வழக்கறிஞர். அவரது வாழ்வை இன்று நாம் எண்ணிப் பார்ப்பது, மாண்டவருக்கு மாலை சூட்ட மட்டுமல்ல. பழமை என்ற பெயரால் பூட்டப்படும் விலங்கு எப்படிச் செய்யப்படுகிறது, எப்படி உடைகிறது என்பதை அறிந்துகொள்ளவும்தான்.

1914-ஆம் ஆண்டு, இன்று வட கொரியாவில் உள்ள உன்சான் என்ற பகுதியில் பிறந்தார். பொன் விளையும் பூமி அது. சுரங்கத்திலே உழைத்த தந்தை, சுரங்க விபத்திலேயே மாண்டார். குழந்தைக்கு அப்போது வயது ஒன்று. பொன்னை வெட்டி எடுத்தவன் வீட்டிலே மிஞ்சியது வறுமை. ஆனால் வறுமையோடு கூட, அந்த வீட்டிலே துணிவுள்ள ஒரு தாயும் இருந்தாள். மகனுக்குப் புத்தகம், மகளுக்குத் துடைப்பம் என்று ஊர் வகுத்திருந்த நீதியை அவள் ஏற்கவில்லை. நன்றாகப் படிப்பது யாரோ, அவரைப் படிக்கவைப்பேன். ஆணா பெண்ணா என்று பாரேன் என முடிவு செய்தாள். சட்டத்தையே எதிர்த்து நின்ற மகள், சமத்துவத்தின் அரிச்சுவடியைப் படித்தது அந்தத் தாயிடம்தான்.

பியோங்யாங் நகரிலே பள்ளிப் படிப்பு. பிறகு சியோல் நகரின் இஹ்வா மகளிர் கல்லூரி. அங்கு அவர் கற்றது மனையியல். 1936-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் சோங் இல் ஹியோங் என்ற அறிஞரை மணந்தார்.

மணமாலை வாடுமுன்னே துன்பம் வந்தது. கொரியா அப்போது ஜப்பானியரின் காலடியில் கிடந்தது. கணவரோ விடுதலை வேட்கை கொண்டவர். அமெரிக்காவிலே படித்துத் திரும்பியவர். ஜப்பானிய ஆட்சியின் சந்தேகப் பார்வை அவர்மீது விழுந்தது, சிறைக்கதவு திறந்தது. வீட்டிலே குழந்தைகள். வருவாய் இல்லை. லீ டே யோங் ஊசியை எடுத்தார். மெத்தைப் போர்வை தைத்து விற்றார். ஆசிரியப் பணியும் பார்த்தார். சிறையிலே வாடும் கணவருக்கும் உணவு அனுப்பவேண்டும், வீட்டிலே அழும் குழந்தைக்கும் கஞ்சி வார்க்கவேண்டும். இரண்டையும் ஒரு ஊசிமுனை தாங்கியது! வீட்டின் தலைவன் ஆண்தான் என்று எழுதிவைத்த கனவான்கள், சோறு போட்ட அந்த ஊசியைக் கணக்கிலே சேர்த்துக்கொண்டார்களா? இல்லை.

1945-இல் ஜப்பானிய ஆட்சி ஒழிந்தது. சிறை மீண்ட கணவர் ஒரு நல்ல செயல் செய்தார். இத்தனை நாள் மனைவி சுமந்த மூட்டையை இனித் தாம் சுமப்பதாகவும், அவர் விரும்பிய படிப்பைப் படிக்கட்டும் என்றும் சொன்னார். அரசாண்டவர்களுக்கு வராத நியாயம், அந்த வீட்டு ஆண்மகனுக்கு வந்தது. 1946-இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியிலே சேர்ந்தார் லீ டே யோங். வயது 32. குழந்தைகளின் தாய். வகுப்பு முழுதும் ஆண்கள். அந்தக் கல்லூரி கண்ட முதல் மாணவி அவர்! 1949-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே நாட்டைப் போர் சூழ்ந்தது. குண்டு விழுந்த காலத்திலும் ஏட்டைக் கீழே வைக்கவில்லை. 1952-இல் நீதித்துறைத் தேர்விலே வெற்றி பெற்றார். கொரிய வரலாற்றில் ஒரு பெண் அந்தத் தேர்விலே தேறியது அதுவே முதன்முறை.

தேறியவருக்கு நீதிபதிப் பதவி கிடைத்ததா? கிடைக்கவில்லை. பெண்ணொருத்தி நீதிபீடத்தில் அமர இன்னும் காலம் கனியவில்லை என்று கூறப்பட்டது. அதிபர் சிங்மன் ரீயின் ஆட்சி அது. லீ டே யோங்கின் கணவரோ எதிர்க்கட்சிக்காரர். பெண்ணாகப் பிறந்தது ஒரு குற்றம், எதிர்க்கட்சிக்காரரை மணந்தது இன்னொரு குற்றம்! தேர்விலே தேறிய அறிவு, இந்த இரண்டு குற்றங்களுக்கு முன்னால் எடுபடவில்லை.

பீடம் மறுக்கப்பட்டது, பெட்டிக்குள் முடங்கினாரா? இல்லை. வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். தொடங்கியதும் அவரைத் தேடி வந்தவர் யார்? செல்வரல்ல, வணிகரல்ல. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த பெண்கள். ஆண்பிள்ளை பெறவில்லை என்று விரட்டப்பட்டவள். கணவனே முத்திரை குத்தி மணவிலக்குத் தாள் கொடுத்துவிட, தான் விலக்கப்பட்டதே தெரியாமல் சமையலறையில் நின்றவள். பெற்ற குழந்தையைக் கணவன் வீட்டார் பிடுங்கிக்கொள்ள, வாயிலிலே நின்று கதறியவள். இவர்களுக்காக 1956-இல் பெண்களுக்கான சட்ட ஆலோசனை நிலையம் ஒன்றை நிறுவினார். கூலி இல்லை, கேள்வியைக் கேட்கலாம், விடை பெறலாம். அதுவே பின்னர் கொரிய குடும்பச் சட்ட உதவி நிலையமாக வளர்ந்தது.

நாளும் நாளும் வழக்கு கேட்கக் கேட்க, அவருக்கு ஓர் உண்மை விளங்கிற்று. கெட்ட கணவன் ஒருவனல்ல குற்றவாளி. அவன் கையிலே கொடுவாளைக் கொடுத்ததே சட்டம்!

அந்தச் சட்டம் என்ன சொல்லிற்று என்று பார்ப்போம். குடும்பத்துக்கு ஒரு தலைவன் வேண்டும். ஹோஜு என்பது அவன் பட்டம். பிறர் பெயரெல்லாம் அவன் பெயருக்குக் கீழே பதிவேட்டில் ஏறவேண்டும். அவன் மாண்டால் பட்டம் மகனுக்கு. மகன் இல்லையேல் பேரனுக்கு. ஆண் வாரிசு அறவே இல்லாதபோதுதான் மகள், மனைவி, தாய் என்று பெண்களின் வரிசை தொடங்கும். மணமானவள் பிறந்த வீட்டு ஏட்டிலிருந்து நீக்கப்பட்டுக் கணவன் வீட்டு ஏட்டிலே எழுதப்படுவாள். மணவிலக்குப் பெற்றாலோ மறுமணம் செய்தாலோ, முதல் கணவனுக்குப் பெற்ற பிள்ளைமீது தாய்க்கு உரிமை இல்லை.

சொத்தோ? பட்டம் ஏற்கும் மகனுக்குப் பங்கோடு அரைப் பங்கு கூடுதல். மணமாகாத மகளுக்கு மகனுக்குரியதில் பாதி. மணமாகிவிட்டால் கால் பங்கு. கட்டிய மனைவிக்கும் மகனின் பங்கிலே பாதிதான்!

அம்மட்டோ! கணவன் வேறொருத்தியிடம் பெற்ற பிள்ளையை, மனைவியைக் கேளாமலேயே குடும்ப ஏட்டில் சேர்க்கலாம். மனைவிக்கு முன்னரே பிறந்த பிள்ளை இருந்து, அதைச் சேர்க்க விரும்பினால், கணவன் சம்மதம் வேண்டும். குடும்பத் தலைவன் சம்மதமும் வேண்டும். ஒரே செயல், இரண்டு நீதி!

இன்னொரு கொடுமையும் இருந்தது. ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீக ஊரும் கொண்டவர் மணக்கக்கூடாது. கிம்ஹே ஊரைப் பூர்வீகமாகச் சொல்லும் கிம் குலத்தார் மட்டும் பல இலட்சம் பேர். முன்பின் அறியாத இருவர், காதலித்துக் கூடி வாழ்ந்தாலும், பதிவேடு அவர்களைத் தம்பதிகளாக ஏற்காது.

1948-இல் எழுதிய அரசியல் சட்டமோ, ஆணும் பெண்ணும் சமம் என்று முழங்கியிருந்தது. முன்வாசலிலே சமத்துவம், பின்கட்டிலே அடிமைத்தனம்!

சிவில் சட்டம் வரையப்பட்ட காலத்திலேயே, 1953 முதற்கொண்டு, லீ டே யோங்கும் பெண்கள் அமைப்புகளும் விண்ணப்பம் கொடுத்தனர். வரைவுக் குழுவின் தலைவர், தலைமை நீதிபதி கிம் பியோங் ரோ. அன்னிய ஆட்சியில் விடுதலை வீரர்களுக்காக வாதாடிய பெருமகன். அந்தப் பெருமகனும் இந்த விண்ணப்பத்தைப் பரிவோடு பார்க்கவில்லை. நாட்டுப் பெண்கள் குறையின்றி வாழும்போது நாலெழுத்துச் சட்டம் படித்த ஒருத்தி குழப்பம் செய்கிறாள் என்ற பொருளில் கடிந்துகொண்டதாகச் சொல்லப்படுகிறது. நாட்டின் அடிமைத்தனம் கண்ணில் பட்டது. வீட்டின் அடிமைத்தனம் படவில்லை! 1957-இல் வரைவு சட்டமன்றத்துக்கு வந்தபோது, உறுப்பினராக இருந்த கணவர் சோங் இல் ஹியோங் திருத்தங்களை முன்வைத்தார். சில வரிகள் மாறின. ஹோஜு மாறவில்லை.

முன்னோர் மரபு, தொன்மை, கொரியப் பண்பாடு என்றனர் எதிர்த்தோர். கன்பூசிய நெறி பேசும் பெரியோர் திரண்டனர். இதை மாற்றினால் குடும்பம் சிதறும், மனிதன் விலங்காவான் என்றனர்.

தொன்மையா? நாம் ஏட்டைப் புரட்டிப் பார்க்கிறோம். ஜோசோன் அரசர் காலத்தின் முற்பகுதியில், மகனும் மகளும் சமமாகச் சொத்துப் பங்கிட்ட ஆவணங்கள் இருக்கின்றன. மகளைத் தள்ளிவைக்கும் வழக்கம் வலுத்தது பதினேழாம் நூற்றாண்டுக்குப் பிறகு. குடும்பத் தலைவனும் அவன் பதிவேடும் சட்ட வடிவம் பெற்றதோ, ஜப்பானியர் ஆண்ட காலத்தில்; அவர்கள் தம் நாட்டு முறையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த ஜப்பானே 1947-இல் தன் சிவில் சட்டத்தைத் திருத்தி, குடும்பத் தலைவன் முறையைத் தூக்கி எறிந்துவிட்டது! அன்னியன் பூட்டிய விலங்கு. அவனே தன் காலிலிருந்து கழற்றி எறிந்த விலங்கு. அதை எங்கள் பாட்டன் கொடுத்த அணிகலன் என்று மார்பிலே அணைத்துக்கொண்டனர், கொரியாவின் பழமைவாதிகள். விந்தை இது மட்டுமா? அணைத்தவர் ஆண்கள், விலங்கு கிடந்ததோ பெண்களின் காலில்!

1963-இல் சியோலில் குடும்ப நீதிமன்றம் தோன்றியது. அதற்குக் குரல் கொடுத்தோரில் இவரும் ஒருவர். அதே ஆண்டு இஹ்வா பல்கலைக்கழகத்தில் சட்டக் கல்லூரியின் தலைவரானார். மனையியல் படித்து வெளியேறிய இடத்துக்கே, சட்டம் கற்பிக்கத் திரும்பினார்! 1973-இல் 61 பெண்கள் அமைப்புகள் ஒன்றுகூடிச் சட்டத் திருத்தத்துக்காக ஒரே அணியாயின. 1975-இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது.

விருதின் ஒளி மங்கு முன்பே, அரசின் அடக்குமுறை வந்தது. அதிபர் பார்க் சுங் ஹீயின் சர்வாதிகாரம் தலைவிரித்தாடிய காலம். 1976 மார்ச் முதல் நாள், சியோலின் மியோங்டாங் தேவாலயத்திலே, மக்களாட்சி கோரும் அறிக்கை ஒன்று படிக்கப்பட்டது. அதிலே கணவனும் மனைவியும் பங்குகொண்டனர். வழக்கு பாய்ந்தது. லீ டே யோங்குக்குச் சிறைத்தண்டனை விதித்து நிறுத்திவைத்தனர். வழக்கறிஞர் உரிமையைப் பறித்தனர். பெண்ணுரிமையே போதும், அரசியல் வேண்டாம் என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. நாட்டிலே ஒருவன் தலைமைக்கு அஞ்சி நடுங்குவோர், வீட்டிலே ஒருவன் தலைமையை எப்படி எதிர்ப்பர்?

உரிமை பறிபோன அதே 1977-ஆம் ஆண்டின் கடைசியில், அவர் கேட்ட திருத்தங்களில் ஒரு பகுதி நிறைவேறிற்று. மணமாகாத மகளுக்கு மகனோடு சம பங்கு. மனைவியின் பங்கு உயர்ந்தது. தாளிலே முத்திரை குத்தி மனைவியை விரட்டும் மணவிலக்குக்கு முடிவு. இனி நீதிமன்றம் இருவர் சம்மதத்தையும் உறுதி செய்யவேண்டும். வழக்கறிஞர் அங்கியைப் பிடுங்கினர். அவர் எழுதிய வழக்கைப் பிடுங்க முடியவில்லை!

1989 டிசம்பரில் இரண்டாவது பெரிய வெற்றி. மகனும் மகளும், மணமானவளும் மணமாகாதவளும், சொத்திலே சமம். மணவிலக்கின்போது சொத்தைப் பிரிக்கக் கோரும் உரிமை. பிள்ளைமீது தாய்க்கும் உரிமை. 1991 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1997 ஜூலையில், ஒரே குலத்தார் மணத்தைத் தடுத்த விதி அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் கூறியது.

ஹோஜு மட்டும், பல் பிடுங்கிய பாம்பாகப் பதிவேட்டிலே சுருண்டு கிடந்தது. அதன் முடிவைக் காண லீ டே யோங் இருக்கவில்லை. 1998 டிசம்பரில், 84-ஆம் வயதில், அவர் கண்மூடினார்.

2005 பிப்ரவரியில், குடும்பத் தலைவன் முறை தனிமனித மாண்புக்கும் ஆண்பெண் சமத்துவத்துக்கும் மாறானது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ச்சில் நாடாளுமன்றம் அதை ஒழித்துச் சட்டம் செய்தது. 2008 ஜனவரி முதல் நாள், பழைய ஏடு மூடப்பட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிவு. தலைவனும் இல்லை, தலைவனுக்குக் கீழே என்ற வரிசையும் இல்லை.

பணி முற்றும் முடிந்துவிட்டது என்று நாம் கூறமாட்டோம். அந்தப் புதிய சட்டத்திலும், பிள்ளைக்குத் தந்தையின் குடும்பப் பெயர் என்பதே பொது விதியாக நின்றது. தாயின் பெயர் விதிவிலக்காகத்தான் இடம் பெற்றது.

1953-இல் கொடுத்த விண்ணப்பத்துக்கு 2008-இல் விடை! ஐம்பத்தைந்து ஆண்டுகள்! குடும்பம் சிதறும் என்றார்களே, சிதறியதா? இல்லை. கொரியத் தாய் இன்றும் பிள்ளைக்குச் சோறூட்டுகிறாள். பிள்ளை இன்றும் தாயை அம்மா என்றே அழைக்கிறது. மாறியது ஒன்றுதான். தொட்டிலிலே கிடக்கும் குழந்தை, இனித் தாய்க்குத் தலைவனல்ல, தாய்க்குக் குழந்தை! அந்த எளிய உண்மையை ஏட்டிலே ஏற்றுவதற்கு ஓர் ஆயுள் முழுதும் தேவைப்பட்டது. அந்த ஆயுளைத் தந்தவர், போர்வை தைத்த ஊசியோடு புறப்பட்ட லீ டே யோங்.