கட்டுப்போட்ட கையோடு காட்சி தந்த மகான்

தறியில் உட்காரும் நெசவாளிக்குக் கையே முதல். செய்யாற்றிலும் ஆரணியிலும் பட்டு நெய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் கையில் ஒரு கட்டி வந்து, ஆபரேஷன் செய்தும் ஆறாமல் போனால் மனம் என்ன பாடுபடும்?

அந்த ஊர்கள் அடங்கிய மாவட்டத்திலேயே, திருவண்ணாமலையில் வாழ்ந்த ஒரு மகானுக்கு அந்தச் சோதனை வந்தது. அவர்தான் ரமண மகரிஷி.

மரண பயம்

1879 டிசம்பர் 30-ந் தேதி திருச்சுழியில் பிறந்தவர் ரமணர். இயற்பெயர் வேங்கடராமன். 1896-ல் மதுரையில், பதினாறு வயதில், நோய் நொடி எதுவும் இல்லாத நேரத்தில் திடீரென்று மரண பயம் அவரைப் பிடித்தது. அவர் டாக்டரைத் தேடி ஓடவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்தார். சாவது இந்த உடல். அப்படியானால் நான் யார் என்று தம்மையே விசாரித்தார். பயம் விலகியது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பிறகு அந்தத் தலத்தை விட்டு நீங்கவே இல்லை.

மகான் என்றாலும் அவர் கை சும்மா இருந்ததில்லை. ஆசிரமச் சமையற்கட்டில் காய்கறி நறுக்குவார். புத்தகங்களுக்கு பைண்டு போடுவார்.

நான்கு ஆபரேஷன்

சிறு வயதில் கற்ற பாடத்துக்கு 53 ஆண்டுகள் கழித்துப் பரீட்சை வந்தது. இடது முழங்கைக்குக் கீழே சிறு கட்டி தோன்றியது. 1949 பிப்ரவரி 9-ந் தேதி அதை அகற்றினார்கள். அது மீண்டும் வளர்ந்தது. மார்ச் 17-ந் தேதி தாயாரின் சமாதிக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். மகரிஷி அதில் கலந்துகொண்டார். பத்தே நாளில் இரண்டாவது ஆபரேஷன்!

நோய் சர்க்கோமா என்னும் புற்று. ரேடியம் வைத்தும் பார்த்தார்கள். புண் ஆறவில்லை; ரத்தம் கசிந்தது. ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மறுபடி கத்தி வைத்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் யோசனை சொன்னார்கள். அதற்கு அவர் இணங்கவில்லை. ஆனால் அன்பர்கள் அழைத்துவந்த வைத்தியர்கள் தந்த மருந்துகளை ஏற்றுக்கொண்டார்.

அழுதது யார்?

வலியே இல்லை என்று அவர் பாசாங்கு செய்யவில்லை. வலி உடலுக்கு உண்டு. அது தாம் அல்ல என்று இருந்தார். கட்டைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் பக்தர்கள்தாம். நோயாளி அவர்களுக்கு ஆறுதல் சொன்னார்! உடல் தளர்ந்தபோதும் தரிசனத்தை நிறுத்த விடவில்லை. கடைசி நாட்களில் மயில் அகவியதும், அதற்குத் தீனி போட்டாயிற்றா என்று விசாரித்தார்.

1950 ஏப்ரல் 14-ந் தேதி இரவு 8.47-க்கு, பக்தர்கள் அருணாசலனைப் பாடிக்கொண்டிருக்க, அவர் மூச்சு அடங்கியது.

எல்லோரும் மகரிஷி ஆக முடியாது. சிகிச்சையின் வேதனையில் அழுகை வந்தால் அது குற்றமும் அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தோன்றிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் மனத்துயரைக் கவனிக்கவே ஒரு பிரிவு இருக்கிறது. மருந்தை விடாமல் உண்போம். துயரை வாய் விட்டுச் சொல்வோம். புண் கையில் இருக்கலாம். அதை மனம் முழுதும் பரவ விட வேண்டாம். மகரிஷியின் கடைசி ஆண்டு நமக்குச் சொல்வது இதுதான்.