பிறர் நம்பிக்கையைக் கேட்டறிந்த பேரறிஞர் அல்பிரூனி (ரஹ்)

 



சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு வாலிபர் மட்டும் போகாமல் நின்றார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர் ஒடிசாவைச் சேர்ந்த இந்துச் சகோதரர். இவருக்குக் காய்ச்சல் வந்தபோது தன் ஷிஃப்ட்டை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் அவர்தான். ஹஜ்ரத், அவர் வீட்டில் நான் பிறந்திருந்தால் அவர் கும்பிடுவதைத்தானே நானும் கும்பிட்டிருப்பேன் என்று அந்த வாலிபர் கேட்டார். கேட்டுவிட்டு, இப்படி நினைப்பதால் ஈமானுக்குக் குறை வருமோ என்று பயந்தும் போனார்.

பயப்பட வேண்டியதில்லை. எல்லாக் குழந்தைகளும் நேரிய இயல்பில்தான் பிறக்கின்றன, பெற்றோர்தான் அவற்றை வேறு மார்க்கத்தினராக வளர்க்கிறார்கள் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்களே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். மனிதர்கள் ஏன் வெவ்வேறு நம்பிக்கைகளில் இருக்கிறார்கள் என்பதை 1000 ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவைப் பற்றியே ஆராய்ந்து எழுதிய ஒரு முஸ்லிம் அறிஞர் உண்டு. அவர்களுடைய வாழ்வை இன்று பார்ப்போம்.

ஊரை இழந்தவர்

அபூ ரைஹான் அல்பிரூனி (ரஹ்) ஹிஜ்ரி 362, கி.பி. 973-ல் குவாரிஸ்மில், அதாவது இன்றைய உஸ்பெகிஸ்தான் பகுதியில் பிறந்தார்கள். கணிதத்திலும் வானவியலிலும் இளம் வயதிலேயே பெயர் பெற்றார்கள். 1017-ல் அவர்களை ஆதரித்த மன்னர் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் சுல்தான் மஹ்மூத் கஸ்னவி அந்த நாட்டைக் கைப்பற்றி, அல்பிரூனியைத் தம் தலைநகர் கஸ்னாவுக்குக் கொண்டு சென்றார்.

அப்போது அவர்களுக்கு வயது 44. எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். இந்த வயதில் புதிதாக ஒரு பாடத்தைத் தொடங்கச் சொன்னால் நாம் எவ்வளவு தயங்குவோம்! அவர்களோ சமஸ்கிருதம் படிக்க உட்கார்ந்தார்கள். பஞ்சாப் பகுதிக்குச் சென்றபோது பண்டிதர்களுக்கு முன்னால் முதலில் மாணவராக அமர்ந்தார்கள். எங்கெங்கோ இருந்த நூல்களைப் பணம் செலவழித்து வரவழைத்தார்கள். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் மொழிபெயர்த்தார்கள். அதே பஞ்சாபில் நந்தனா என்ற கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தைக் கொண்டு பூமியின் அளவைக் கணக்கிட்டவர்களும் அவர்களே.

ஒரு நூல் பிறந்த கதை

ஒரு நாள் அபூ ஸஹ்ல் என்ற ஆசிரியரோடு அல்பிரூனி (ரஹ்) பேசிக்கொண்டிருந்தார்கள். முஃதஸிலா பிரிவினரின் கொள்கையை ஒருவர் தம் நூலில் திரித்து எழுதியிருந்தார். அந்தப் பேச்சிலிருந்து, பிற சமயங்களைப் பற்றி நம்மவர்கள் எழுதியவையும் பெரும்பாலும் செவிவழிச் செய்திகள்தாம் என்ற பேச்சு வந்தது. இந்துக்களைப் பற்றி நேரடியாக அறிந்ததை எழுதுங்கள் என்று ஆசிரியர் தூண்டினார். அப்படி 1030 வாக்கில் 80 அத்தியாயங்களுடன் உருவானதுதான் இந்தியாவைப் பற்றிய அவர்களின் பெரும் நூல்.

அதில் அவர்கள் ஒரு நெறியை வைத்துக்கொண்டார்கள். ஒரு சமூகத்தார் தாங்கள் நம்புவதை எப்படிச் சொல்கிறார்களோ, அப்படியே முதலில் எழுத வேண்டும். வாதத்துக்காக அதை வளைக்கக் கூடாது.

பிரித்தவை எவை?

இரு சமூகங்களும் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன என்று முதல் அத்தியாயத்திலேயே கேட்கிறார்கள். மொழி புரியவில்லை. வழிபாடும் கொள்கையும் வேறு. உடையும் உணவும் பழக்கமும் வேறு. எந்த அளவுக்கு என்றால், குழந்தைகளைப் பயமுறுத்தவே முஸ்லிம்களின் தோற்றத்தைக் காட்டினார்களாம்.

அடுத்த காரணத்தை எழுதத் தைரியம் வேண்டும். மஹ்மூதின் படையெடுப்புகள் அந்நாட்டின் செழிப்பைக் குலைத்தன, அதனால்தான் முஸ்லிம்கள் மீது மக்களுக்கு ஆழமான வெறுப்பு வந்தது என்று பதிவு செய்தார்கள். மஹ்மூத் காலமானது 1030-ல்தான். அவருடைய வாரிசின் ஆட்சியில் வாழ்ந்துகொண்டே, அடிபட்டவர்களின் மனம் கதவைச் சாத்திக்கொள்ளும் என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

கடைசிக் காரணம் பெருமை. எங்களைப் போல் யாரும் இல்லை என்ற எண்ணத்தை இந்துக்களிடம் கண்டார்கள். ஆனால் நீதியாகச் சொன்னால், அந்நியரைத் தாழ்வாக எண்ணும் இந்த நோய் நம்மிடமும் எல்லாச் சமூகங்களிடமும் இருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டார்கள்.

சிலை வழிபாட்டை விளக்கும்போதும் அதே நீதிதான். இந்துக்களில் கற்றவர்கள் ஆதியும் அந்தமும் இல்லாத ஒரே இறைவனைப் பற்றிப் பேசுவதையும், பாமரர் மனம் கண்ணால் காண்பதை நாடுவதையும் பிரித்துக் காட்டினார்கள். பிறகு நம் பக்கம் திரும்பினார்கள். நம்மில் படிக்காத ஒருவரிடம் கஅபாவின் படத்தைக் காட்டினால், நேரில் கண்டதைப் போல முத்தமிட்டு முகத்தைத் தேய்த்துக்கொள்வாரே என்று நினைவூட்டினார்கள்.

சகோதரர்களே! இவ்வளவு நெருங்கிப் பார்த்தும் அவர்களின் தவ்ஹீத் அசையவில்லை. கடைசி வரை முஸ்லிமாகவே வாழ்ந்தார்கள். பிறரை நியாயமாகப் புரிந்துகொண்டால் ஈமான் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இந்த வாழ்வைப் பார்க்க வேண்டும்.

நமக்கான பாடம்

நம் கும்மிடிப்பூண்டியில் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் ஒரே கேன்டீன் வரிசையில் நிற்கின்றன. அல்பிரூனி (ரஹ்) செலவழித்துத் தேடிப் போன மனிதர்கள் நம் பக்கத்து மெஷினில் நிற்கிறார்கள். அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா? வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்துத்தானே பேசுகிறோம்? மக்களைப் பல சமூகங்களாக ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்பது அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குத் தரும் பாடம் அல்லவா?

அந்த வாலிபருக்கு நான் சொன்னது இதுதான். ஆம், பிறந்த வீடு நம்மில் பெரும்பாலோரின் வழியைத் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே முஸ்லிம் வீட்டில் பிறந்ததை வைத்துப் பெருமையடிக்காதீர்கள். அது அல்லாஹ் தந்த நிஃமத். வீட்டில் கிடைத்ததை இல்மைக் கொண்டு உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள். ஏன் தொழுகிறீர்கள் என்று அந்த ஒடிசா நண்பர் கேட்டால், அத்தா சொன்னார் என்பதைத் தாண்டி உங்களிடம் ஒரு பதில் இருக்கட்டும். அவர் தம் நம்பிக்கையைச் சொன்னால் சிரிக்காமல், குறுக்கிடாமல் முழுவதும் கேளுங்கள். ஹிதாயத் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. நல்ல குணமும் நீதியும் நம் பொறுப்பு.

அல்பிரூனி (ரஹ்) மூச்சுத் திணறும் நிலையில் கிடந்தபோது, பார்க்க வந்த ஒரு ஃபிக்ஹ் அறிஞரிடம் வாரிசுரிமைச் சட்டம் ஒன்றைப் பற்றிக் கேட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இந்த நிலையிலா என்று அவர் இரங்கினார். தெரியாமல் போவதைவிடத் தெரிந்துகொண்டு போவது மேல் என்ற கருத்தில் பதில் சொல்லி, விளக்கத்தைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் வெளியேறித் தெருவில் நடக்கும்போதே வீட்டுக்குள்ளிருந்து அழுகுரல் கேட்டதாம். ஹிஜ்ரி 440, கி.பி. 1048 வாக்கில் கஸ்னாவில் அவர்கள் வஃபாத்தானார்கள்.

கடைசி மூச்சு வரை கற்கும் ஆசையையும், நம்மிலிருந்து வேறுபட்டவர்களிடமும் நீதியாக நடக்கும் உள்ளத்தையும், அசையாத ஈமானையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.