கையில காசில்லாம ஊருக்கே நிலம் வாங்கியவர்... யார் இந்த எபனேசர் ஹோவர்ட்?

1919. லண்டனுக்கு வடக்கே பெரிய நிலம் ஒன்று ஏலத்துக்கு வந்தது. வாங்கியவர் எபனேசர் ஹோவர்ட், வயது 69. முன்பணமே நண்பர்களிடம் வாங்கிய கடன். அதுவும் பத்தல, ஏலம் கேட்ட ஏஜென்ட்தான் மீதியைப் போட்டார்!

அமெரிக்காவில் விவசாயம் பார்த்துத் தோற்று, லண்டன் திரும்பி, நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதிப் பிழைத்தவர் இவர். வீடு, வேலை, கடை, பூங்கா எல்லாம் பக்கத்திலேயே, சுற்றிலும் வயல், நில வாடகை ஊருக்கே செலவாகணும். இதுதான் 1898ல் அவர் புத்தகமாகப் போட்ட கணக்கு. 1903ல் லெட்ச்வொர்த் நகரம் தொடங்கியது. அப்போது அங்கே விடுதி இருந்தது, சரக்கு மட்டும் கிடைக்கவில்லை!

ஏலத்தில் எடுத்த நிலம்தான் வெல்வின் கார்டன் சிட்டி. அங்கேயே குடியேறி, 1928ல் இறந்தார். 1948ல் வெல்வினை அரசு எடுத்துக்கொண்டது. லெட்ச்வொர்த்தில் வாடகைப் பணம் இன்னும் ஊருக்கே செலவாகுது.