சபையைக் கேட்க வைத்தவர்: ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார்



மைசூர்வாசியான எனக்கு மாதேஸ்வரன் மலை பழக்கமான க்ஷேத்திரம். 1997 முதல் அது சாமராஜநகர் ஜில்லாவில் சேர்ந்துவிட்டாலும், எங்களுக்கு அது இன்றும் மைசூர் மலைதான். மேட்டூர் வழியாக நம் தமிழ் யாத்ரீகர்களும் திரளாக வருகிறார்கள். அங்கே கம்சாளெ என்னும் வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டு, மாதேஸ்வரர் சரித்திரத்தை இரவு முழுவதும் பாடுவார்கள். பாட்டு, தாளம், ஆட்டம் மூன்றும் இருப்பதால் ஜனங்கள் விழித்திருந்து கேட்கிறார்கள். இவை எதுவும் இல்லாமல் வெறும் பேச்சினாலேயே சபையைக் கட்டிப்போட்ட ஒருவரைப் பற்றி இங்கே எழுத ஆசைப்படுகிறேன். அவர்தான் ரைட் ஆனரபிள் வி.எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார்.

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், 1869 செப்டம்பர் 22 அன்று, ஏழை வைதிகக் குடும்பத்தில் பிறந்தார். கும்பகோணத்தில் படித்து உபாத்தியாயரானார். மாயவரம், சேலம் என்று வேலை பார்த்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக நல்ல பெயர் எடுத்தார். அவருடைய பேச்சுக்கு அஸ்திவாரம் வகுப்பறையில்தான் விழுந்தது என்பது என் அபிப்பிராயம். பையன்களுக்குப் புரியவில்லை என்றால் அவர்கள் முகமே சொல்லிவிடும். அதைப் பார்த்துப் பாடத்தை மாற்றிச் சொல்லும் பழக்கம் நல்ல உபாத்தியாயருக்குத் தானாக வந்துவிடும். உச்சரிப்பிலும் சொல் தேர்விலும் அவர் காட்டிய அக்கறை பிரசித்தம். கையை வீசி முழங்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

1907-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-இல் கோகலே காலமானதும் அதன் தலைவரானார்.

1919-இல் ரௌலட் மசோதாவை எதிர்த்து டில்லி சட்டசபையில் அவர் பேசியதைக் காந்திஜி நேரில் கேட்டார். வைஸ்ராய் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆனால் மசோதா நிறைவேறிவிட்டது. முன்பே தீர்மானம் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பவரை எந்தப் பேச்சும் அசைக்காது. சபை ஆடாமல் அசையாமல் கேட்பது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. மேடை ஏறும் எவரும் இந்த நிகழ்ச்சியை மறக்கக் கூடாது.

அதற்காக அவர் பேசுவதை விட்டுவிடவில்லை. 1922-இல் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கானடா தேசங்களுக்குப் போய், அங்கே குடியேறிய இந்தியர்களின் உரிமைக்காக ஊர் ஊராகப் பேசினார். 1925-இல் ஆஸ்திரேலியா தன் நாட்டில் வசித்த இந்தியர்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. அவருடைய யாத்திரை இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

1927-இல், காந்திஜியின் வற்புறுத்தலின் பேரில், தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகப் பதவி ஏற்றார். கேட்க மனமில்லாத வெள்ளைக்காரர்கள் நடுவேதான் அங்கே பெரும்பாலும் பேச வேண்டியிருந்தது. எதிராளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், அவனுடைய நியாய உணர்ச்சியைத் தொட்டுப் பேசுவது அவர் வழி. 1928-இல் கிளெர்க்ஸ்டார்ப் ஊரில் துணை மேயரே ஆட்களுடன் வந்து கூட்டத்தைக் கலைத்தார். சாஸ்திரியார் மனம் தளராமல் 1929 ஜனவரி வரை பணியைத் தொடர்ந்தார். இந்தியப் பிள்ளைகளுக்காக அவர் முயற்சியில் எழுந்த டர்பன் கல்லூரிக்குச் சாஸ்திரி கல்லூரி என்றே பெயர்.

வெளிநாட்டுச் சபைகள் கொண்டாடிய இவருக்குச் சொந்த நாட்டில் செல்வாக்கு குறைந்துகொண்டே போனது. மிதவாதியான அவரை வெள்ளையர் பக்கம் சாய்ந்தவர் என்று ஏசியவர்கள் உண்டு. அதற்காகச் சபை விரும்பியதைப் பேசிக் கைதட்டல் வாங்க அவர் முயலவில்லை.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1944-இல், தம் 75-ஆம் வயதில், தேக அசௌக்கியத்தையும் பொருட்படுத்தாமல், மயிலாப்பூரில் வால்மீகி ராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் 30 சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ராமனை மனிதனாகவே வைத்து, அவன் பட்ட துக்கங்களையும் தர்மசங்கடங்களையும் விளக்கினார். ஆசாரமான சிலருக்கு அது பிடிக்கவில்லை. கதை தெரிந்த சபையை, கதை சொல்லாமல், கதைக்குள் இருக்கும் கேள்விகளால் மாதக்கணக்கில் வரவழைத்தார் என்பதுதான் அதிசயம்.

1946 ஜனவரியில் சென்னை வந்த காந்திஜி, மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தார். அரசியலில் எதிரெதிராக நின்றபோதும் இருவர் அன்பு குறையவில்லை. அவ்வருஷம் ஏப்ரல் 17 அன்று சாஸ்திரியார் காலமானார்.

நம் கிளைக் கூட்டங்களில் பேசப்போகும் இளைஞர்கள் அவருடைய ராமாயணச் சொற்பொழிவுகளில் ஒன்றையாவது வாய்விட்டுப் படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவை புத்தகமாகவே வந்திருக்கின்றன. எங்கே நிறுத்துகிறார், எதைக் கேள்வியாக விடுகிறார் என்பது காதிலேயே புரியும்.