நாய்க்கடி நோயை வென்ற லூயி பாஸ்டர்

 

ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்திற்கு நம்மில் பலர் சென்று வந்திருக்கின்றனர். சிராங்கூன் சாலையிலே கூட்டம் அலைமோதினாலும், நாய்க்கு அஞ்சிக் கையில் கோலுடன் நடப்பவரை அங்குக் காண்பது அரிது. 1953ஆம் ஆண்டு தொடங்கி அந்நகரம் வெறிநாய்க்கடி நோய் அற்றதாக விளங்குகின்றது. இத்தகைய நிலையை மக்கள் எய்துவதற்கு முதன்முதலில் வழி திறந்த பேரறிஞர் லூயி பாஸ்டர் ஆவார். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுக் காண்போம்.

பிரான்சு நாட்டின் தோல் என்னும் சிற்றூரில் 1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் பாஸ்டர் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. குடும்பம் பின்னர் ஆர்புவா என்னும் ஊரில் குடியேறியது. 1831இல் வெறி பிடித்த ஓநாய் ஒன்று அவ்வட்டாரத்தில் புகுந்து பலரைக் கடித்தது. அக்காலத்தில் கடிவாயைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதே மருத்துவம். கடிபட்டோர் கொல்லன் பட்டறையிலே அலறிய காட்சி, எட்டு வயதுச் சிறுவன் லூயியின் உள்ளத்தை விட்டு அகலவே இல்லை.

பாரிசு நகரில் உயர்கல்வி பெற்ற பாஸ்டர் வேதியியல் பேராசிரியரானார். பாலும் பழச்சாறும் கெடுவதற்குக் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே காரணம் என்று ஆய்ந்து காட்டினார். அவர்தம் வாழ்வில் துன்பங்களும் மிகுந்திருந்தன. ஐந்து குழந்தைகளில் மூவரைச் சிறு வயதிலேயே இழந்தார். 1868இல் பக்கவாதம் தாக்கி, இடக்கையும் இடக்காலும் வலுவிழந்தன. எனினும் அவர் ஆய்வுக்கூடத்தை விட்டாரில்லை.

வெறிநோய்க் கிருமியைக் காண்பதற்கேற்ற கருவி அந்நாளில் இல்லை. நோயுற்ற முயலின் தண்டுவடத்தை எடுத்து, கண்ணாடிக் குடுவையில் நாள்தோறும் உலர்த்தினார் பாஸ்டர். உலர உலர அதன் நச்சு குறைவதைக் கண்டார். அதனை ஊசி வழியே சிறிது சிறிதாகச் செலுத்தி, நாய்களுக்கு நோய் வராமல் தடுத்தார்.

1885ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள், ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை அவன் அன்னை அழைத்து வந்தார். இரண்டு நாள்களுக்கு முன்னர் வெறிநாய் ஒன்று அவனைப் பல இடங்களிலே கடித்திருந்தது. பாஸ்டரோ மருத்துவர் அல்லர். அம்மருந்தை மனிதருக்கு முறையாகச் செலுத்திப் பார்த்தவரும் அல்லர். ஆயினும் வாளாவிருந்தால் சிறுவன் இறப்பது உறுதி. எனவே, மருத்துவர் கிராஞ்சே வாயிலாக 13 ஊசிகள் போடச் செய்தார். உறக்கமின்றி இரவுகளைக் கழித்தார். சிறுவன் பிழைத்தான்! அவனே பிற்காலத்தில் பாஸ்டர் நிறுவனத்தின் காவலராகப் பணிபுரிந்தார்.

சில மாதங்களில் ஜூப்பீல் என்னும் ஆட்டிடையச் சிறுவன் கொண்டுவரப்பட்டான். தன்னினும் இளைய சிறுவர்களைக் காப்பதற்காக வெறிநாயுடன் போராடி, இரு கைகளிலும் கடிபட்டவன் அவன். அவனும் உயிர் பிழைத்தான்.

ஆனால், லூயிஸ் பெல்லத்தியே என்னும் சிறுமியை அவள் பெற்றோர் அழைத்து வந்தபோது, கடிபட்டு 37 நாள்கள் கடந்துவிட்டன. காலம் தாழ்ந்தது என அறிந்தும் பெற்றோரின் கண்ணீருக்கு இரங்கிப் பாஸ்டர் மருத்துவம் செய்வித்தார். சிறுமி இறந்தாள். பாஸ்டர் உள்ளம் உடைந்து அழுதார். அதே மருந்து, அதே கைகள். ஆயினும் காலம் கடந்தமையால் ஓர் உயிர் போயிற்று. இதனை நாம் என்றும் மறத்தலாகாது.

1888இல் பாரிசில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் வழியைப் பின்பற்றி, 1907இல் தமிழ்நாட்டின் குன்னூரிலும் ஒரு நிறுவனம் தோன்றியது. 1895ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள் பாஸ்டர் இயற்கை எய்தினார். அந்நாளே இன்று உலக வெறிநோய்த் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

மருந்து மட்டும் போதுமா? போதாது. சிங்கப்பூரிலே மூன்று மாதம் கடந்த நாய் ஒவ்வொன்றுக்கும் உரிமம் பெறவேண்டும். மூர்க்கமான சில இனங்களைக் கயிறும் வாய்க்கூடும் இன்றி வெளியே கொண்டு வரலாகாது. உரிமையாளர் இல்லாத நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்யும் திட்டம் 2018 முதல் நடைபெறுகின்றது. நம் மலேசியாவிலோ, 2017இல் சரவாக் மாநிலத்தில் இந்நோய் புகுந்து உயிர்களைப் பறித்தது. ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மாள்கின்றனர். அவர்களுள் பத்தில் நால்வர் பதினைந்து வயதிற்குட்பட்ட சிறுவர்கள்!

நம் லயங்களிலும் காவலுக்கென நாய் வளர்க்கின்றோம், கட்டாமலும் விட்டுவிடுகின்றோம். விடியற்காலையில் பால்மரம் வெட்டச் செல்வோரையும் பள்ளிக்கு வரும் பிள்ளைகளையும் அவை துரத்துகின்றன. கடிபட்ட பிள்ளையோ, வீட்டில் அடி விழும் என்று அஞ்சிக் காயத்தை மறைத்துவிடுகின்றது. பெற்றோர்களே! அத்தகைய பிள்ளையை அடிக்காதீர்கள். கடிவாயில் சுண்ணாம்போ மிளகாய்த்தூளோ அப்பாதீர்கள். ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் வளர்க்கும் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். அதனைக் கட்டி வையுங்கள்.

மாணவர்களே! தெருவில் நாயைக் கல்லால் அடிக்காதீர்கள். துரத்தி வந்தால் ஓடாதீர்கள்; அதன் கண்களை உற்று நோக்காமல் அசையாது நில்லுங்கள். கடித்துவிட்டால் உடனே தாய் தந்தையரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். சொன்னவன் பிழைப்பான், மறைத்தவன் பிழைப்பது அரிது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கண்டு அஞ்சிய அன்றைய சிறுவன் நமக்கு விட்டுச் சென்ற செல்வம் இது. அதனைக் காலத்தே பெற்றுப் பயனடைவோமாக!